பாலம் ஏறுனா இழுவை போகுது: டீசல் எங்க நிக்குது?

வாசகர் ஒருத்தர் கேட்டது:
"1998 மாடல் டாடா 407 லாரி. திருத்துறைப்பூண்டியில கிளம்புனா 20, 25 கிலோமீட்டர் நல்லா ஓடுது. அப்புறம் மிதிச்சா இழுக்கல, அமுங்கி அணைஞ்சிடுது. பத்து நிமிஷம் நிறுத்திட்டு எடுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. பம்ப் ரூம்ல, டீசல் பம்ப் சரி பண்ற பட்டறையில, காட்டுனேன். பம்ப் போச்சு, இறக்கணும், 18,000 ஆகும்னு சொல்றாங்க. சம்பா அறுப்பு ஓடுது, வண்டி நிக்கக் கூடாது. இறக்கிடவா?"

27 ஜனவரி 2023, இரவு

இறக்காதீங்க. பழுதான பம்ப் பொதுவா பத்து நிமிஷம் ஓய்வெடுத்துட்டு நல்லாயிடாது.

நாளைக்கு வண்டி அமுங்குறப்ப ஓரங்கட்டுங்க. கிளீனர் தம்பிய இறங்கி ஓடச் சொல்லி டீசல் டேங்க் மூடியத் திறக்கச் சொல்லுங்க. புஸ்ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேட்டா பம்ப் மேல குத்தம் இல்லை, டேங்க் மூச்சு விட முடியாம கெடக்கு. டீசலை இழுக்க இழுக்க அந்த இடத்துக்குக் காத்து வந்தாகணும். வரலைன்னா உள்ள வெற்றிடமாகி, ஒரு கட்டத்துல ஃபீடு பம்ப்பால இழுக்க முடியாது. நிறுத்தி வச்சா மூடி ஓரமா கொஞ்சம் கொஞ்சமா காத்து கசிஞ்சு உள்ள போயிடும், அதான் திரும்ப ஓடுது.

இன்னொண்ணு. அமுங்குறப்ப சைலன்சர்ல என்ன வருதுன்னு கண்ணாடியில பாருங்க. கரும்புகை தள்ளுனா டீசல் போகுது, எரியத்தான் காத்து போதல, இல்ல நாசில், அதான் இன்ஜினுக்குள்ள டீசலைத் தெளிக்கிற முனை, ஒழுங்கா தெளிக்கல. புகையே இல்லாம அமுங்குனா டீசல் போகவே இல்லை. வண்டி பட்டினி கெடக்கு.

என்கிட்ட இருக்குறதும் 407 தான், 1996. அப்பா வாங்குனது. மன்னார்குடிப் பக்கம்.

28 ஜனவரி

நேத்து எழுதுனதுல ஒரு திருத்தம். "பம்ப்"னு நாம பொத்தாம் பொதுவா சொல்றோம், ரெண்டு பம்ப் இருக்கு. பெருசு டீசல் பம்ப். அதோட வயித்துல ஒட்டிக்கிட்டு இருக்குற சின்னது ஃபீடு பம்ப், அதுல கையால அமுக்குற பிரைமர் இருக்கும். பெரிய பம்ப்புக்குள்ள சுத்துற கேம் தண்டுதான் அதையும் ஓட்டுது. டேங்க்குல இருந்து டீசலை இழுக்குறது சின்னது. ஃபில்டர் வழியா வந்ததை வாங்கி நாசிலுக்கு அடிக்கிறது பெருசு. நாசில் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேணும். சின்னவன் குடுக்குறது ஒண்ணு ஒண்ணரை பார்தான். ஆனா அந்த ஒண்ணரை வரலைன்னா இந்த 200 கெடையாது. பம்ப் ரூம்ல "பம்ப் போச்சு"ன்னா எந்தப் பம்ப்புன்னு கேளுங்க.

29 ஜனவரி

கேட்டவர் பதில் எழுதிட்டார். நெல் கொள்முதல் நிலையத்துல லைன்ல நிக்கிறப்ப ராத்திரி எவனோ டீசலையும் எடுத்து மூடியையும் கொண்டு போயிட்டானாம். அவசரத்துக்கு வேற வண்டி மூடி ஒண்ணு மாட்டியிருக்கார். அதுல மூச்சுத் துளையே இல்லை. ரெண்டு மாசமா இப்படியே ஓட்டியிருக்கார்! 18,000 மிச்சம்.

அவர் கதை முடிஞ்சுது. இந்தப் பதிவை மூடிடலாம்.

30 ஜனவரி, ராத்திரி 11 மணி

மூட முடியாது போல.

நான் ஊருக்கு உபதேசம் பண்ணுனதை என் வண்டி ஒட்டுக் கேட்டிருக்கு. இன்னைக்கு 60 சிப்பம் ஏத்திக்கிட்டு நீடாமங்கலம் போனேன். சிப்பம் 40 கிலோ, கணக்குக்குச் சரியா 60தான், அதுக்கு மேல யாரும் கேக்காதீங்க. ரயில்வே கேட் மூடி இருந்துச்சு. நீடாமங்கலம் கேட் மூடி இருக்கறது செய்தியே இல்லை. நம்ம நெல்லை ஏத்துற சரக்கு ரயிலு முன்னும் பின்னும் போறதுக்கே நம்ம நெல்லு வண்டிய நிறுத்தி வைப்பாங்க. வழக்கம்போல இன்ஜினை அணைச்சேன். கேட் திறந்துச்சு. வண்டி எடுக்கல.

பின்னாடி கும்பகோணம் பஸ்ஸு. அதுக்குப் பின்னாடி உலகம் பூரா ஹாரன். இறங்கி பிரைமரை அமுக்குனேன், நாப்பது ஐம்பது தடவை. ஃபில்டர் தலையில இருக்குற ஏர் ஸ்குரூவைத் தளர்த்துனா டீசல் வரல, சோப்புத் தண்ணி மாதிரி நுரை வருது. நுரை நின்னு சுத்தமா டீசல் வர்ற வரைக்கும் அமுக்கி, ஸ்குரூவை முறுக்கி, செல்ஃப் அடிச்சேன். எடுத்துருச்சு. அதுக்குள்ள கேட் திரும்ப மூடிட்டான்.

1 பிப்ரவரி

மழை. தை மாசத்துல இப்படி ஒரு மழை. அறுத்த நெல்லு தார்ப்பாய்க்கு அடியில புழுங்குது, அறுக்காதது சாஞ்சு கெடக்கு. நெல்லுல 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா கொள்முதல்ல எடுக்கக் கூடாதுன்னு விதி. இன்னைக்குப் பாதி வயலே தண்ணிக்குள்ள கெடக்கு. யாருக்கும் வண்டி வேண்டாம். அதனால வண்டிக்கு அடியில படுக்க நேரம் கிடைச்சுது.

நுரை வந்துச்சுன்னா ஏர் பிடிக்குதுன்னு அர்த்தம். எங்க? இதுலதான் எல்லாரும் ஏமாறுவாங்க. டீசல் ஒழுகுற இடத்தைத் தேடுவாங்க. டேங்க்குல இருந்து ஃபீடு பம்ப் வரைக்கும் உள்ள குழாய் இழுக்குற பக்கம். வண்டி ஓடுறப்ப அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். தொட்டுப் பாத்தா காஞ்சு கெடக்கும், ஆனா குற்றவாளி அதுதான். ஃபீடு பம்ப்புக்கு அப்புறம் தள்ளுற பக்கம், அங்க ஓட்டைன்னா ஈரமாக் காட்டிக் குடுத்துரும். ஈரம் நேர்மையான ஆளு, நம்பக் கூடாதது காய்ஞ்ச பக்கந்தான்.

டீசலை அமுக்குனா அமுங்காது. காத்தை அமுக்குனா பஞ்சு மாதிரி அமுங்கும். பெரிய பம்ப் என்னதான் அடிச்சாலும் குழாய்க்குள்ள காத்து சுருங்கி விரியும், நாசில் திறக்காது. அதான் மிஸ்ஸிங், அதான் அமுங்கல்.

ஃபீடு பம்ப் வாயில ஹோஸைக் கழட்டி நடுவுல ஒரு சாண் கண்ணாடி டியூப், அதான் உள்ள போறது தெரியுற பிளாஸ்டிக் டியூப், சொருகுனேன். மீன் தொட்டிக்குக் காத்து விடுற டியூப் ஒல்லி, அது வேணாம். கொத்தனார் தண்ணி ஊத்தி மட்டம் பாக்க வச்சிருப்பாரே, அந்த டியூப். 30 ரூபா. வண்டிய ஓட விட்டுப் பாத்தா சீரகம் கொட்டுன மாதிரி குமிழு ஓடுது.

2 பிப்ரவரி

குழாய் மூட்டுல இருக்குற பேஞ்சோ போல்ட் (உள்ள துளை இருக்கும், அது வழியாத்தான் டீசல் போகும்) எல்லாம் கழட்டி செம்பு வாஷர் புதுசு போட்டேன். பழைய வாஷரைத் தீயில காட்டித் திரும்பப் போடலாம்னு அப்பா சொன்னார். போடலாம்தான், அந்தக் காலத்துல அப்படித்தான் போட்டாங்க. எட்டு ரூபா வாஷருக்கு எதுக்கு அந்தத் தவம்? ஃபீடு பம்ப் வாயில சின்ன வலை இருக்கும், அதுல மட்டும் ஒரு விரல் சேறு. கிளிப்பும் மாத்தினேன்.

5 பிப்ரவரி

முடிஞ்சுது. டேங்க்கை ரொப்பிக்கிட்டு கும்பகோணம் போய் வந்தேன், டியூப்ல ஒரு குமிழு இல்லை. வாஷர்தான் காரணம். எல்லாரும் முதல்ல வாஷரை மாத்துங்க.

9 பிப்ரவரி

முந்தைய குறிப்பை யாரும் நம்பாதீங்க. அழிக்க மாட்டேன், கெடக்கட்டும், எனக்கே பாடம்.

வெண்ணாத்துப் பாலம் ஏறுறப்ப அமுங்குச்சு. டெல்டாவுல மேடுன்னா பாலந்தான், வேற மேடு நாம பாத்தது கெடையாது. ஆத்துக்கு ஒரு பாலம், வாய்க்காலுக்கு ஒரு மதகு, ரயிலுக்கு ஒரு மேம்பாலம். மலைக்காட்டுக்காரன் கேட்டா சிரிப்பான். ஆனா சுமையோட ஏறுறப்ப இன்ஜின் நிறைய கேக்கும், கேட்டது வரலைன்னா அங்கதான் தெரியும். சமதரையில 40ல உருட்டிக்கிட்டுப் போனா இந்தப் பழுது வருஷக் கணக்கா ஒளிஞ்சு கெடக்கும். புகை இல்லை. பட்டினிதான்.

டியூப்ல திரும்பவும் சீரகம்.

இனிமே சோதனை ஒழுங்கா பண்றதுன்னு முடிவு பண்ணி, அஞ்சு லிட்டர் கேன்ல டீசல் ஊத்தி, கேபின் பின்னாடி கட்டித் தொங்கவிட்டு, அதுல இருந்து நேரா ஃபீடு பம்ப்புக்கு ஹோஸ். டேங்க், டேங்க் குழாய் ரெண்டையும் கணக்குல இருந்து எடுத்தாச்சு. அதே பாலம், அதே சுமை. சிங்கம் மாதிரி ஏறுச்சு. அப்ப பம்ப் ரெண்டும் நல்லா இருக்கு, தப்பு டேங்க் பக்கம்.

ஏழாவது கிலோமீட்டர்ல வண்டி நின்னுருச்சு. கேன் காலி. அஞ்சு லிட்டரை ஏழு கிலோமீட்டர்ல குடிக்கிற 407 உலகத்துலயே கெடையாது. ஃபீடு பம்ப் இன்ஜினுக்கு வேண்டியதை விட ரொம்ப அதிகமா தள்ளும், மிச்சம் ரிட்டன் குழாயில டேங்க்குக்குப் போயிடும். ரிட்டனைக் கேனுக்குத் திருப்ப மறந்துட்டேன். கேன்ல இருந்த டீசலைக் கஷ்டப்பட்டு பம்ப் பண்ணி டேங்க்குல சேமிச்சிருக்கேன்.

10 பிப்ரவரி

ராத்திரி படுத்தப்புறம் தோணுச்சு, சோதனையே தப்பு. கேனை உயரத்துல கட்டுனா டீசல் தானா கீழ ஓடி வரும். இழுக்க வக்கில்லாத ஃபீடு பம்ப்பும் அப்ப நல்லவன் மாதிரி நடிக்கும். கேன் டேங்க் மட்டத்துலயே இருக்கணும். ஃபீடு பம்ப்புக்குள்ள சின்னதா ரெண்டு வால்வு இருக்கு, போனதைத் திரும்ப விடாம பிடிக்கிறது. அதுல தூசி உக்காந்தா டீசல் முன்னும் பின்னும் ஆடும், முன்னேறாது.

இன்னைக்குக் கேனை டேங்க் பக்கத்துலயே அதே மட்டத்துல கட்டி, ரிட்டனையும் கேனுக்கே திருப்பி, அதே பாலம். ஏறுச்சு. ஃபீடு பம்ப் தப்பிச்சுது. மன்னிப்பு கேட்டுக்கிட்டேன்.

டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவுல இருக்குற ஹோஸ் பழசு, வெடிப்பு விட்டிருக்கு. அதை மாத்திப் பாக்குறேன். டேங்க்கைச் சந்தேகப்பட மாட்டேன், ஆடி மாசந்தான் இறக்கிக் கழுவுனேன், உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு.

12 பிப்ரவரி

ஹோஸ் புதுசு. சீரகம் அப்படியே.

ஒருத்தர் "இப்ப வர்ற டீசல்தான் காரணம், பி.எஸ். 6 டீசல் பழைய வண்டிக்கு ஆகாது"ன்னு எழுதியிருக்கார். பி.எஸ். 6னா புகை மாசைக் குறைக்க வந்த புது விதி. 2020 ஏப்ரல்ல டீசல்ல கந்தகம் 50ல இருந்து 10 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்துல பத்துப் பங்குக்கு, குறைஞ்சது உண்மை. பழைய ரப்பர் வளையங்கள் புது டீசலுக்குச் சுருங்கிக் கசியுறதும் உண்டு. ஆனா கசியுற வளையம் எல்லா நாளும் கசியும். ஒரு நாள் ஓடி ஒரு நாள் படுக்காது. தண்ணி கலந்த டீசல்னும் ஒருத்தர் சொன்னார். ஃபில்டர் அடியில ஸ்குரூவைத் திறந்து கண்ணாடி டம்ளர்ல பிடிச்சேன். தண்ணின்னா அடியில தனியா நிக்கும். இல்லை.

நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்துல பூமிக்கு அடியில இருந்து எண்ணெய் எடுக்குறாங்க. பனங்குடியில 1993ல சுத்திகரிப்பு ஆலையே வந்துச்சு. காலுக்கு அடியில எண்ணெய், என் குழாயில காத்து.

13 பிப்ரவரி

அப்பா வந்து பாத்தார். டியூப்பைப் பாத்துட்டு, "டேங்க்கைப் பாத்தியா?"

"பாத்தாச்சுப்பா, ஆடியில கழுவுனதுதானே."

"கழுவுனப்ப பாத்த. இப்ப பாத்தியா?"

பதில் சொல்லல. எனக்குக் கோவம்.

16 பிப்ரவரி

வரவு செலவு நோட்டுல ஒரு பக்கம் டீசல் பில்லு. டீசல் விக்கிற விலையில, போட்டது எழுதி வைப்பேன். இன்னொரு பக்கம் வண்டி நின்ன நாள். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன்.

டேங்க் ரொப்புன நாள்ல ஒரு தடவை கூட நிக்கல. நின்னதெல்லாம் ரொப்பி மூணாம் நாளு, நாலாம் நாளு. பிப்ரவரி 5, "முடிஞ்சுது"ன்னு எழுதுனேனே, அன்னைக்கும் ரொப்புனேன். வாஷரை மாத்துன நேரத்துல டீசலையும் ஊத்திட்டு, பேரை வாஷருக்குக் குடுத்திருக்கேன்.

என் வண்டியில டீசல் முள்ளு வேலை செஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. குச்சி விட்டுத்தான் பாப்பேன். முள்ளு இருந்திருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும்: பாதிக்குக் கீழ போனாத்தான் ஏர் பிடிக்குது. பாதிக்கு மேல இருந்தா ஓட்டை டீசலுக்குள்ள முழுகிக் கெடக்கும், இழுத்தாலும் டீசலைத்தான் இழுக்கும். மட்டம் இறங்குனா ஓட்டை வெளிய வரும், காத்தை இழுக்கும். அப்ப ஓட்டை டேங்க்குக்கு வெளிய இல்லை. உள்ள நிக்கிற இழுக்குற குழாய்ல இருக்கு.

நீடாமங்கலத்துல அணைச்சதும் ஏன் எடுக்கலைன்னும் இப்பத்தான் புரியுது. இன்ஜின் நின்னதும் அந்த ஓட்டை வழியா காத்து புகுந்து, குழாய்ல நின்ன டீசல் பூரா டேங்க்குக்கு இறங்கியிருக்கும்.

18 பிப்ரவரி, சிவராத்திரி

ஊர் பூரா கோயில்ல கண் முழிக்குது. நான் டார்ச்சோட டேங்க் மேல.

குழாயை வெளிய இழுத்தேன். நடுவுல, சரியா பாதி உயரத்துல, ஒரு பக்கம் வெள்ளியா பளபளக்குது. அதுல நகத்தால கீறுன மாதிரி நீளவாக்குல ஒரு பிளவு. டேங்க்குக்குள்ள டீசல் அலையாம இருக்கத் தடுப்புத் தகடு இருக்கும். குழாய் அதுல படாம ஒரு சின்னப் பட்டை பிடிச்சிருக்கும். என் குழாய்ல அந்தப் பட்டை இல்லை. ஒடைஞ்சு டேங்க் அடியில கெடந்துச்சு. குழாய் ஓடுற ஓட்டத்துல தகட்டோட உரசி உரசித் தேஞ்சிருக்கு.

பட்டை எப்படி ஒடைஞ்சுது? ஆடி மாசம் டேங்க்கைக் கழுவிட்டு, குழாயை உள்ள விடுறப்ப சரியா உக்காரல. நான் ஸ்பானர் கைப்பிடியால தட்டுனேன். ரெண்டு தட்டு. அப்ப "டக்"னு ஒரு சத்தம் கேட்டுச்சு, உக்காந்துருச்சுன்னு நெனைச்சேன்.

அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

20 பிப்ரவரி

குழாயை மட்டும் கொண்டு போய் பித்தளை வச்சுப் பத்த வச்சாச்சு, பட்டையும் புதுசு. 150 ரூபா. வெல்டிங் பட்டறைத் தம்பி "டேங்க்கையே கொண்டாங்கண்ணே, அதுலயே அடிச்சுடலாம்"னான். வேணாம்டா சாமின்னு வந்துட்டேன். காலி டேங்க்குல டீசல் இல்லாட்டியும் ஆவி இருக்கும். நெருப்பு பட்டா வெடிக்கும்.

இதுவரைக்கும் ஆன செலவு: டியூப், வாஷர், ஹோஸ், கிளிப்பு, பத்த வச்சது எல்லாம் சேத்து 700க்குள்ள. இழந்த வாடகைய எழுத மனசு வரல. மூணு வருஷத்துக்கு முன்ன இதே மாதிரி இழுவை போனப்ப ஒரு பம்ப் ரூம்ல 14,000 குடுத்து பம்ப்பை இறக்கி ஏத்துனேன். வேலை முடிஞ்சு டேங்க் ரொப்பிக் கிளம்பி, நல்லா ஓடுச்சேன்னு சந்தோஷப்பட்டேன். அன்னைக்கும் வேலை பாத்தது பம்ப்பா, டீசல் மட்டமான்னு இப்ப சந்தேகம் வருது. அப்ப பட்டை நல்லாத்தான் இருந்துச்சு, அதனால வேற ஏதாவதா இருக்கலாம். ஒண்ணும் சொல்றதுக்கில்லை.

21 பிப்ரவரி

"வரிசையா ஒண்ணு ரெண்டு மூணுன்னு போட்டுக் குடுங்க, பிரிண்ட் எடுத்து வண்டியில ஒட்டிக்கிறேன்"னு ஒருத்தர். அப்படி ஒட்டுனா என் அஞ்சாம் தேதிக் குறிப்பையும் சேத்து ஒட்டிடுவீங்க. எனக்கு இப்ப தோணுறது இவ்வளவுதான்: ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, மாத்துன அன்னைக்கு டேங்க்குல டீசல் எவ்வளவுன்னு எழுதுங்க. கண்ணாடி டியூப்பை முதல்ல பம்ப் வாயில போட்டீங்கன்னா, குமிழு தெரிஞ்சா அடுத்து டேங்க் வாயில, அதாவது டேங்க்குல இருந்து குழாய் வெளிய வர்ற இடத்துல, போடுங்க. நான் அதைப் பண்ணவே இல்லை. டேங்க் வாயிலயே குமிழு வந்தா வாஷர், ஹோஸ் எல்லாத்தையும் விட்டுட்டு நேரா டேங்க்குக்குள்ள கை விட்டிருக்கலாம். இருபது நாள் மிச்சம் ஆகியிருக்கும்.

மறந்துட்டேன், டீசல் பம்ப்புக்குள்ள இருக்குற மசகு எண்ணெயையும் மோந்து பாருங்க. டீசல் வாடை அடிச்சா, எண்ணெய் மட்டம் ஏறியிருந்தா, ஃபீடு பம்ப் தண்டு வழியா டீசல் உள்ள இறங்குது. அப்ப ஃபீடு பம்ப்பைத்தான் பாக்கணும். நாசில் பைப் நட்டை ஒவ்வொண்ணாத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு பாக்குறவங்க அந்தப் பக்கம் விரலை நீட்டாதீங்க. அந்த அழுத்தத்துல தெறிக்கிற டீசல் தோலைக் குத்திக்கிட்டு உள்ள போகும், துளை சின்னதா இருந்தாலும் ஆஸ்பத்திரி கேஸு.

4 மார்ச்

திருத்துறைப்பூண்டிக்காரர் புது மூடிக்குப் பூட்டு போட்டுட்டாராம். துளை இருக்கான்னு பாத்துப் போட்டாராம், படமும் அனுப்பியிருக்கார்.

இன்னைக்கு நீடாமங்கலம். கேட் மூடி. டேங்க்குல குச்சி விட்டுப் பாத்தேன், கால்வாசி. வேணும்னே இன்ஜினை அணைச்சேன். பின்னாடி நின்ன டிராக்டர்க்காரர், "என்னண்ணே, அன்னைக்கு இங்க நின்னீங்களே அந்த வண்டிதானே, அணைக்காதீங்க"ன்னார். 35 நிமிஷம். கேட் திறந்துச்சு, ஒரே செல்ஃபு.

அப்பாகிட்ட சொல்லியாச்சு. ஸ்பானர் கைப்பிடின்னு சொன்னதும், "சுத்தியல் இல்லாமப் போச்சு"ன்னார், அவ்வளவுதான்.

கண்ணாடி டியூப்பை இன்னும் எடுக்கல. டீசல்ல ஊறி மஞ்சளாகி விறைச்சுப் போச்சு, விட்டா அதுவே வெடிச்சு அடுத்த ஓட்டை ஆயிடும். நாளைக்குக் கழட்டிட்டு ஒழுங்கா ஹோஸ் போடணும்.